தீ அணைந்த பிறகும் ஆறாத சூடு

சென்ற வாரம் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் காலி மனையில் தீப்பிடித்தது. காய்ந்த கோரைப்புல், அதன் மேல் பல மாதக் குப்பை, யாரோ போட்டுவிட்டுப் போன பழைய டயர் நாலைந்து. பகல் ஒரு மணி. சேலத்து வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையில் நிழலில் நின்றாலே முகம் எரியும்.

101க்குப் போன் போய், வண்டி வந்து, முக்கால் மணி நேரத்தில் தீயை அணைத்துவிட்டார்கள். டயர் புகை மட்டும் அடங்க இன்னும் அரை மணி நேரம் ஆனது. எல்லாம் முடிந்ததும் அவர்களில் ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு வண்டிப் படியில் உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். இன்னொருவர் நோட்டோடு வந்து, “அண்ணே, இது எந்தத் தெருங்க?” என்று அவரைக் கேட்டார். அவர் நிமிர்ந்து பார்த்தார். வாய் திறந்தது, சொல் வரவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் என் காதில், “எந்தத் தெருவுக்கு வந்திருக்கோம்னே தெரியாம வந்திருக்காங்க பாருங்க சார்” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு கோப்பு ஞாபகத்துக்கு வந்தது. அதைச் சொல்லிவிட்டு என் கருத்துக்கு வருகிறேன்.

என் பழைய வாசகர்களுக்குத் தெரியும். நான் காரைக்காலில் பிறந்து, பிரெஞ்சு வழியில் படித்தவன். அப்பா இறந்த பிறகு தாய்மாமன் ராசிபுரத்துக்கு அழைத்து வந்து, தேர்வு எழுதவைத்து, அரசாங்க வேலையில் சேர்த்துவிட்டார். கோப்புத் தமிழ் நான் வேலைக்கு வந்த பிறகு கற்றது. தாமதமாகக் கற்றவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மற்றவர் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பதில் ஒரு தனி ஆனந்தம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எந்த ஊர், எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. மே மாதம், உச்சி வெயில், கழிவுப் பஞ்சுக் கிடங்கில் தீ. பஞ்சுத் தீயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேலே அணைந்தாலும் பொதிக்குள் கனன்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு பொதியாக இழுத்துப் பிரித்துத்தான் அணைக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் நாலு மணி நேரம் அந்த வேலை. நிலைய அலுவலர் விடுப்பில் இருந்ததால் முன்னணித் தீயணைப்போர் ஒருவர் பொறுப்பில் இருந்தார். திரும்பி வந்து அறிக்கை எழுதியவரும் அவரே.

அந்த அறிக்கை காப்பீட்டு விவகாரத்தில் சுற்றி என் மேசைக்கு வந்தது. அழைப்பு வந்த நேரம் 12.10. தீ முழுவதும் அணைந்த நேரம் 11.40! கொண்டுபோன ஹோஸ் அத்தனையும் திரும்ப வந்ததாக எழுதியிருந்தது. மறுநாள் கிடங்குக்காரர் இரண்டு ஹோஸைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். நான் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, “நேரம் முரண்படுகிறது, இருப்பு விவரம் உண்மைக்குப் புறம்பானது” என்று குறிப்பு எழுதினேன். விளக்கம் கேட்டு மெமோ போனது. பதில் நாலே வரி. அன்று அனல் அதிகம், தலை சுற்றல் இருந்தது, என்ன எழுதினேன் என்று நினைவில்லை, மன்னிக்க வேண்டும்.

“விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை.” அந்த வரியை வரைவில் எழுதியது இந்தக் கைதான். மேலே எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆறு மாதம் ஊதிய உயர்வு நிறுத்தம். இருபது வருட சர்வீஸ் உள்ளவருக்கு, நாலு மணி நேரம் தீயில் நின்றதற்குக் கிடைத்த பரிசு.

அப்போது எனக்குத் தெரியாத சில விஷயங்களை ஓய்வுக்குப் பிறகு படித்தேன். என் ஒன்றுவிட்ட சகோதரியின் பேரன் பாரிஸுக்கு அருகே தன்னார்வத் தீயணைப்பு வீரனாக இருக்கிறான். பிரான்சில் தீயணைப்பு வீரர்களில் பெரும்பகுதி அப்படிப்பட்ட தன்னார்வலர்கள்தான். வீடியோவில் பேசும்போது அவன் சொன்னது: பெரிய தீ என்றால் அவர்களுடன் மருத்துவக் குழுவும் வரும். உள்ளே போய்வந்தவனை உட்காரவைத்து, நாடி பார்த்து, குடிக்கவைத்து, சரி என்று சொன்ன பிறகுதான் மறுபடி உள்ளே விடுவார்கள். “நான் நல்லாத்தான் இருக்கேன்னு நாங்க சொன்னா நம்ப மாட்டாங்க தாத்தா” என்றான். ஏன் நம்ப மாட்டார்கள் என்று தேடிப் படிக்கப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

முதலில் உடம்பின் கணக்கு. நாம் செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழக் கால் பங்குதான் வேலையாக மாறும். மீதி முக்கால் பங்கும் சூடாகிறது. கனமான ஹோஸை இழுத்துக்கொண்டு மாடி ஏறுகிறவனுக்குள்ளேயே ஓர் அடுப்பு எரிகிறது. அந்தச் சூடு வெளியேற வேண்டும். காற்று நம் தோலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் தானாகவே வெளியேறும். சேலத்திலும் நாமக்கல்லிலும் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் காற்றே தோலைவிடச் சூடு. அப்போது மிஞ்சுவது வியர்வை ஒன்றுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஆவியாக வேண்டும் என்பதுதான் முக்கியம். சொட்டிக் கீழே விழுந்த வியர்வையால் பயனில்லை.

தீயணைப்பு வீரரின் உடை அந்த வழியையும் அடைக்கிறது. நெருப்பை உள்ளே விடாத உடை, வியர்வை ஆவியையும் எளிதில் வெளியே விடாது. மூச்சுக் கருவியோடு சேர்த்தால் இருபது கிலோவுக்கு மேல் சுமை. உடை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. தீக்காயத்திலிருந்து காப்பது அதுதான். என் காலத்தில் நான் பார்த்தவர்கள் காக்கிச் சட்டையோடும் கம் பூட்ஸோடும் தீக்குள் போனார்கள். அது வேறு ஆபத்து. ஆனால் உடை நல்லதாக ஆக ஆக, ஓய்வும் கூட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

உள்ளே சூடு ஏறும்போது இதயத்துக்கு இரண்டு எஜமானர்கள். தசைக்கும் ரத்தம் வேண்டும், சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் ரத்தம் வேண்டும். அதே நேரத்தில் வியர்வையால் ரத்தத்தின் அளவே குறைகிறது. மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்ப்பது இந்த வேலையில் சாதாரணம். அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை பணியில் இறந்த தீயணைப்பு வீரர்களின் கணக்கை எடுத்து 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பத்தில் ஏறக்குறைய நாலு பேர் இறந்தது தீயால் அல்ல, இதய நோயால். அந்த இதய மரணங்களில் மூன்றில் ஒரு பங்கு தீயை அணைக்கும் நேரத்தில் நடந்தவை. தீயை அணைக்கும் நேரமோ அவர்களுடைய மொத்தப் பணி நேரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு கூட இல்லை.

இனி மூளையின் கணக்கு. நான் சொல்ல வந்தது இதைத்தான். சூட்டில் எல்லாத் திறமையும் ஒரே நேரத்தில் போய்விடுவதில்லை. பழகிய எளிய வேலை கடைசிவரை நிற்கும். ஹோஸைப் பிடிப்பது, இழுப்பது, தண்ணீரைத் திருப்புவது எல்லாம் கை தானாகச் செய்யும். முதலில் போவது, ஒரே நேரத்தில் பலவற்றை மனதில் வைத்திருக்கும் திறமை. உள்ளே எத்தனை பேர் போனார்கள், கூரை எந்தப் பக்கம் சத்தம் போடுகிறது, வந்து எத்தனை நிமிடம் ஆயிற்று, வெளியே போக வழி எது. பார்வை கண் முன்னால் எரிவதோடு நின்றுவிடும். இதில் கொடுமை, இது குறைந்துவிட்டது என்பது அந்த ஆளுக்கே தெரியாது. குடித்தவன் நிதானமாகத்தான் இருக்கிறேன் என்பது போல. ‘நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்றால் பாரிஸில் ஏன் நம்ப மாட்டார்கள் என்பது புரிந்ததா?

இன்னும் ஒன்று. சூடு, வேலை நின்றதும் நிற்பதில்லை. நாமக்கல் லாரிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். மேட்டில் ஏறி வந்த வண்டியை நிறுத்தியவுடன் ரேடியேட்டர் மூடியைத் திறக்க மாட்டார்கள். என்ஜின் நின்றாலும் உள்ளே கொதிப்பு அடங்க நேரம் ஆகும். மனித உடம்பும் அப்படித்தான். வேலையை நிறுத்திய பிறகும் சில நிமிடங்களுக்கு உள் வெப்பம் ஏறிக்கொண்டே போகலாம். மூளையோ அதைவிடத் தாமதமாக ஆறும். 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் பாதுகாப்பு உடையோடு ஆட்களை ஓடுபொறியில் நடக்கவிட்டு, பிறகு நினைவாற்றலைச் சோதித்தார்கள். சிறிய ஆய்வுதான். நடந்து முடித்தவுடன் பெரிய குறை தெரியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துச் சோதித்தபோதுதான் நினைவுகூரும் திறன் குறைந்திருந்தது.

இதைப் படித்தபோது என் கை நடுங்கியது. ஒரு மணி நேரம் கழித்து என்றால் எது? வண்டி நிலையத்துக்குத் திரும்பும் நேரம். ஹோஸை எண்ணும் நேரம். அறிக்கை எழுதும் நேரம்! நான் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டது அந்த மனிதரின் பொய்யை அல்ல. அவருடைய சோர்வை.

பள்ளியில் எங்களுக்கு க்ளோத் பெர்னார் என்ற 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு உடலியல் அறிஞரைப் பாடமாக வைத்திருந்தார்கள். உடம்புக்குள் ஒரு சூழல் இருக்கிறது, வெளியே என்ன மாறினாலும் அது நிலையாக இருந்தால்தான் உயிர் சுதந்திரமாக இயங்கும் என்று சொன்னவர். பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன், கோப்பில் கையெழுத்துப் போடும்போது மறந்துவிட்டேன். பதற்றப்படாத நிதானத்துக்கு பிரெஞ்சில் ‘ஸான் ஃப்ருவா’ என்பார்கள். குளிர்ந்த ரத்தம் என்று பொருள். நம் ஊரில் ‘மண்டை காய்ஞ்சு போச்சு’ என்கிறோம். இரண்டும் உவமை என்றுதான் நினைத்திருந்தேன். தீயில் நிற்பவனுக்கு இரண்டும் உண்மை விவரம். குளிர்ச்சி இல்லாமல் நிதானம் இல்லை.

நம் மாநிலத்தில் இது வெறும் புத்தகக் கணக்கு அல்ல. 2017 மே 31 அதிகாலை சென்னை தியாகராய நகரில் சென்னை சில்க்ஸ் கட்டடம் பற்றியது. அன்று பகல் முழுவதும், இரவும் போராடினார்கள். விடிவதற்குள் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்தது. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு, 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர் குப்பைக் கிடங்கு. இரண்டும் நாட்கணக்கில் எரிந்தன. இரண்டும் ஏப்ரல் என்பதைக் கவனியுங்கள். 2020 தீபாவளி அதிகாலையில் மதுரையில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப்போன இடத்தில் பழைய கட்டடம் இடிந்து இரண்டு வீரர்கள் இறந்தார்கள். அதற்குச் சூடு காரணம் என்று நான் சொல்லவில்லை. இடியும் சுவருக்கு அருகே நிற்பவனுக்கு ஒரு விநாடி யோசனை எவ்வளவு பெரிது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 தீத்தொண்டு நாள். 1944இல் பம்பாய் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றிய கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் இறந்த நாள். நிலையங்களில் மலர்வளையம் வைப்பார்கள், பள்ளிகளில் செயல்விளக்கம் காட்டுவார்கள். நல்லது. அந்த வாரம்தான் நம் பக்கம் வெயில் ஏறும் வாரமும். செயல்விளக்கம் முடிந்ததும் அவர்களுக்கு ஒரு சொம்பு நீர்மோர் கொடுத்தோமா என்று யாராவது கேட்டிருப்போமா? நாலாயிரம், ஐயாயிரம் லிட்டர் தண்ணீர் சுமந்து வரும் வண்டி அது. கிணற்றிலும் ஏரியிலும் நிரப்பிய தண்ணீர். குடிக்க ஆகாது.

நாமக்கல் கோழிப்பண்ணைகளைப் பாருங்கள். கால்நடை மருத்துவக் கல்லூரியின் வானிலை மையம் வாராவாரம் வெப்பநிலை சொல்கிறது, கோழிக்கு வெப்ப அயற்சி வரும், இன்னதைச் செய்யுங்கள் என்கிறது. பண்ணையாளர் கூரைமேல் தண்ணீர் தெளிக்கிறார், குடிநீரில் வைட்டமின் சி கலக்கிறார், தீவனத்தை வெயில் தாழ்ந்த நேரத்தில் வைக்கிறார். நட்டம் வரும் என்று தெரிந்த இடத்தில் நமக்கு எவ்வளவு அக்கறை! உழவு மாட்டைக்கூட உச்சியில் நுகத்தடியிலிருந்து அவிழ்த்துவிட்ட மண் இது.

தீ காத்திருக்காது, ஓய்வுக்கு எங்கே நேரம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆள் பற்றாக்குறையும் எனக்குத் தெரியும். ஆனால் நான் கேட்பது பெரிய செலவு அல்ல. அமெரிக்க விதிமுறைகளில், அரை மணி நேர மூச்சுக் கலன் இரண்டு தீர்ந்தால் குறைந்தது இருபது நிமிடம் உட்கார வேண்டும். கனடாவில் டொராண்டோ தீயணைப்பு வீரர்களை வைத்துச் செய்த ஆய்வு 2004இல் வெளியானது. ஓய்வு நேரத்தில் முழங்கைவரை இரு கைகளையும் தண்ணீரில் வைத்திருந்தவர்களின் உடல் வெப்பம், சும்மா உட்கார்ந்தவர்களைவிட நன்றாகத் தணிந்தது. கூடுதல் நேரம் வேலை செய்யவும் முடிந்தது. ஒரு பிளாஸ்டிக் டப், குளிர்ந்த தண்ணீர், ஒரு தார்ப்பாய் நிழல், குடிக்க உப்புப் போட்ட மோர். இதற்கு டெண்டர் கூட வேண்டாம்.

குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் என் மற்ற கோரிக்கைகள் காகிதத்தைப் பற்றியவை.

ஒன்று, ஓய்வு என்பது உத்தரவாக இருக்க வேண்டும். கேட்டால் கொடுக்கும் சலுகையாக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்க வேண்டும் என்று தோன்றும் மூளைதானே முதலில் களைக்கிறது.

இரண்டு, நான் பார்த்த அறிக்கையில் எத்தனை ஹோஸ், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு டீசல் என்று இடம் இருந்தது. எத்தனை மணி நேரம் வெயிலில் நின்றார்கள், எத்தனை நிமிடம் உட்கார்ந்தார்கள், என்ன குடித்தார்கள் என்பதற்கு இடமே இல்லை. படிவத்தில் கட்டம் இல்லாத விஷயம் அரசாங்கத்தில் நடந்ததாகக் கணக்கு இல்லை. அந்தக் கட்டத்தைச் சேருங்கள்.

மூன்று, நீண்ட தீக்குப் பிறகு அறிக்கையை அன்றே எழுதச் சொல்லாதீர்கள். முதல் குறிப்பை உள்ளே போகாத ஒருவர் எழுதட்டும். முழு அறிக்கை தூங்கி எழுந்த பிறகு வரட்டும்.

நாலு, பிழை என்று மெமோ போடும் முன், அன்று எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். வெப்ப அலையை 2024இல் நம் அரசு மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. அந்தப் பேரிடருக்குள் நின்று வேலை செய்பவருக்கும் அது பொருந்த வேண்டும் அல்லவா?

நமக்கும் ஒன்று உண்டு. தெருவில் வண்டி வந்தால் செல்போனை நீட்டி, ஆளுக்கொரு யோசனை கத்தாதீர்கள். ஏற்கெனவே கனத்த தலைக்குள் பத்து குரல் போகும். அதற்குப் பதில் ஒரு குடம் குடிநீர் கொண்டுவாருங்கள். அன்று நானும் என் மருமகளும் அதைத்தான் செய்தோம். படியில் உட்கார்ந்திருந்தவர் இரண்டு சொம்பு குடித்துவிட்டு, கைகளை நனைத்துக்கொண்டு, பத்து நிமிடம் கழித்துத் தெருப் பெயரைத் தானாகவே சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

கடைசியாக, அந்தக் கோப்பு மனிதர். 2019 ஏப்ரலில் ஓய்வூதியர் நேர்காணலுக்குக் கருவூலத்தில் வரிசையில் நின்றபோது அவரைச் சந்தித்தேன். பெயர் கூப்பிட்டபோதுதான் அடையாளம் தெரிந்தது. வேப்பமர நிழலுக்கு அழைத்துப்போய், அந்த வரைவை எழுதியவன் நான்தான் என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அது கிடக்குதுங்க சார். அந்த ரிப்போர்ட்ல இருந்தது என் கையெழுத்துதாங்க. ஆனா அதை எழுதுன ஞாபகம் இன்னிக்கு வரைக்கும் எனக்கு இல்லைங்க. நம்மளையறியாம பொய் எழுதிட்டமோன்னு ரொம்ப நாள் தூக்கம் வரல.”

ஆறு மாத ஊதிய உயர்வு பின்னால் சேர்ந்துவிடும். இந்தத் தூக்கத்தை எந்தக் கணக்கில் திருப்பிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதினேன். துறையில் இருப்பவர்கள் யாராவது படித்தால், அந்தக் கட்டத்தை மட்டுமாவது படிவத்தில் சேர்த்துவிடுங்கள்.